ஆறு டிரம் தண்ணீர்

வளைந்த ஆணியைக் கண்டால் அந்த அம்மாவால் தாண்டிப் போக முடியாது. கட்டட வேலை நடக்கிற இடத்தில் வளைந்த ஆணிக்கா பஞ்சம்? குனிவார், எடுப்பார், முந்தானையில் முடிவார், நாலு எட்டு நடப்பார், மறுபடியும் குனிவார். சாயங்காலம் கிளம்பும்போது ஒரு கைப்பிடி ஆணி என் மேஜைமேல் கிடக்கும்.

"தம்பி, இதெல்லாம் தட்டி நிமித்தி வைக்கச் சொல்லுங்க. வீணாப் போகுது."

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எனக்கு வாய் சும்மா இருக்காது. "மேடம், இதைத் தட்டி நிமித்துற நேரத்துல நாலு ஜன்னல் மாட்டிரலாம்" என்றேன்.

"ஆணி எதுல செஞ்சது?"

"இரும்புல."

"இரும்பு எங்கருந்து வருது?"

"கடையிலேருந்து."

சிரித்துவிட்டார். "கடைக்கு முன்னாடி? எங்கேயோ ஒரு ஊர்ல மலையத் தோண்டித்தானே எடுக்காங்க. அந்த ஊர்க்காரன் வந்து என் மண்ணு எங்கன்னு கேட்டா, வளைஞ்சிட்டு, தூரப் போட்டுட்டோம்னு சொல்லுவீங்களா?"

எந்த ஊர்க்காரனும் மேலகரம் தேடி வந்து ஆணியைக் கேட்கப் போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் நிமிர்த்தினோம்.

தென்காசியில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வயலும் தோப்புமாக வாழ்ந்த பழைய குடும்பம் அவருடையது. வெளியூரில் படித்து, வெளிநாட்டில் சில காலம் வேலை பார்த்து, நாற்பத்தைந்து வயதில் திரும்பி வந்து, பூமிக்குக் கேடில்லாமல் வீடு கட்டித் தருகிறேன் என்று ஆபீஸ் போட்டவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கைத்தறிச் சேலை, ரப்பர் செருப்பு, ஒரு பழைய ஸ்கூட்டர். நான் மேலகரத்துக்காரன், சிவில் டிப்ளமா. எட்டு வருஷம் அவரிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

ஆட்கள் நேரில் 'எஞ்சினீரம்மா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'கோட்டி'. எங்கள் பக்கத்தில் கோட்டி என்றால் கிறுக்கு. நானும் சொல்லியிருக்கிறேன். இன்னைக்குக் கோட்டி என்ன செஞ்சிது தெரியுமா என்று நான் ஆரம்பித்தால்தான் என் பெண்டாட்டிக்கு ராத்திரிச் சோறு இறங்கும். அப்படி ஒரு பொழுதுபோக்கு எங்களுக்கு.

ஒருநாள் எம்-சாண்ட் லாரி வந்து நின்றது. ஆற்று மணல் கிடைப்பது அரிதான பிறகு, கல்லை உடைத்து அரைத்த மணலைத்தான் எல்லோரும் போடுகிறோம், அதுதான் எம்-சாண்ட். லோடை இறக்கப் போனவனைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது எங்கருந்து வருதுப்பா?"

"கிரஷர்லேருந்தும்மா."

"கிரஷருக்கு?"

"குவாரியிலேருந்து."

"நானும் வாரேன், காட்டு."

சொன்னதுதான் தாமதம், டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். லாரி லோடோடு திரும்பிப் போகிறது. பின்னாலேயே நான் பைக்கில். எளவு, என்ன பாடு!

குவாரி மலையடிவாரத்தில் இருந்தது. நான் பிறந்ததிலிருந்து பார்த்த குன்று. போய்ப் பார்த்தால் பாதியைக் காணோம். பள்ளத்தின் அடியில் பச்சையாகத் தண்ணீர் கிடந்தது. விளிம்பில் நின்று வெகுநேரம் பார்த்தார். சல்லி அள்ளிக்கொண்டிருந்த இரண்டு பொம்பளைகள் நிமிர்ந்தார்கள். ஒருத்தி, "என்னம்மா, போட்டோ புடிக்க வந்தியளா?" என்றாள்.

"இல்லம்மா. இந்த மலை இன்னும் எத்தனை நாளைக்கு வரும்னு பாக்க வந்தேன்."

"எங்களுக்குக் கையும் காலும் இருக்க மட்டும் வரும்" என்று சொல்லிவிட்டுச் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். அந்த அம்மா மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பொம்பளைகளின் புருவத்திலும் இமையிலும் வெள்ளையாகப் பொடி அப்பியிருந்ததை நான் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். வெயிலாக இருக்கிறதே, சீக்கிரம் கிளம்பினால் தேவலையே என்றுதான் நினைத்தேன்.

அதன் பிறகு எங்கேயாவது பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், தின்கிற சோற்றை விட்டுவிட்டு ஓடுவார். இருக்கிற கல்லும் மரமும் இருக்கும்போது புதிதாக ஏன் தோண்ட வேண்டும் என்பது அவர் கட்சி. செங்கோட்டையில் ஒரு வியாபாரி கடையை இடித்தபோது பலாமரத்து ஜன்னல்களையும் ஓடுகளையும் வாங்கப் போனோம். ஒவ்வொரு ஓடாக எடுத்து விரல் முட்டியால் தட்டி, காதருகில் வைத்துக் கேட்டு, நல்லது ஒரு பக்கம், விரிசல் விட்டது ஒரு பக்கம் என்று அடுக்கினார். மத்தியானம் ஆகிவிட்டது. கடைசியில் விரிசல் விட்டதையும் ஏற்றச் சொன்னார்.

"அது எதுக்கு மேடம்?"

"இடிச்சுப் பொடி பண்ணிச் சுண்ணாம்புல கலக்கலாம்."

வியாபாரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "தம்பி, இந்தம்மா இவ்விடத்து மண்ணையும் வாரிக்கிட்டுப் போயிருமோ? போனா போகட்டு, கேட்டோ. எனக்கு இடம் சுத்தமானாச் செரி" என்றார். மண்ணையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் வந்தோம். பொய்யில்லை.

இதையெல்லாம் கேட்டால் ஈவு இரக்கம் இல்லாத பெண்பிள்ளை என்று தோன்றும். அப்படி இல்லை. சுண்ணாம்புப் பூச்சுக்குக் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீர் ஊற்றுவோம். ஒருதடவை கருப்பட்டி மூட்டை நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது. எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, யார் எடுத்தது என்று நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் வந்துவிட்டார். கல் வெட்டுகிற இசக்கிமுத்து ஒரு எட்டு முன்னால் வந்தான்.

"நாந்தாம்மா தின்னேன். கருப்பட்டி தின்னு சொவரு என்னம்மா கண்டுது?"

நான் அவனை அடிக்காத குறை. அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மனுஷன் தின்னா வீண் இல்லையே. தம்பி, நாளையிலேருந்து ஆளுக்கு ஒரு துண்டு டீயோட குடுத்துருங்க" என்றார். அந்த வேலை முடிகிற வரைக்கும் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தோம். கட்டடக்காரர்களில் அப்படி ஒருத்தரை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

இசக்கிமுத்து வடகரைக்காரன். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவன் என்றாலும் சூப்பர்வைசர் என்பதால் என்னை அண்ணாச்சி என்பான். முதலில் உளியும் சுத்தியலுமாக இருந்தவன், பிறகு கரண்டில் ஓடுகிற கட்டிங் மிஷினுக்கு மாறினான். குரல் என்றால் குரல். மாடியில் நின்றுகொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கடைக்கு, "மாமோவ், பதினேழு டீ! ஒண்ணு சீனி இல்லாம!" என்று கத்துவான். கடைக்காரர் எழுந்து நின்று சரி என்று தலையாட்டுவார். எங்கள் சைட்டில் டீக்கு யாரும் போன் செய்ததே கிடையாது.

குற்றாலம் ரோட்டில் ஒரு தங்கும் விடுதி கட்டினோம். வெளியூர்க்காரர் ஒருவருடையது. தரைக்கு டைல்ஸ் வேண்டாம், அது எங்கோ வடக்கே இருந்து லாரியில் வருகிறது என்று சொல்லி, இடித்த அரிசி ஆலை ஒன்றின் கல் பலகைகளை வாங்கினார். அதை அளவுக்கு வெட்டிப் பாவ வேண்டும். இசக்கிமுத்துவுக்கு மாதக்கணக்கில் வேலை.

குற்றாலம் என்றால் வெளியூர்க்காரனுக்குத் தண்ணீர்தான் ஞாபகம் வரும். சித்திரையில் வந்து பார்க்கட்டும். பாறை பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும், ஓரத்தில் நூலாக ஒழுகும். அந்த வருஷம் எங்கள் போர் வற்றிவிட்டது. டேங்கர் தண்ணீர் வாங்கினேன். விடுவாரா? டேங்கர் எங்கிருந்து வருகிறது என்று பின்னாலேயே போய், அது ஒரு வயல் கிணறு என்றும், பக்கத்துத் தோப்பில் தென்னங்குருத்து காய்கிறது என்றும் பார்த்துவிட்டு வந்தார். மறுநாளே சட்டம் போட்டார். ஒரு நாளைக்கு ஆறு டிரம் தண்ணீர். அதற்குமேல் ஒரு செம்பு கிடையாது. எந்த வேலைக்கு எத்தனை டிரம் என்று தினமும் ஒரு நோட்டில் எழுதி, அடியில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

கட்டிங் மிஷினில் பிளேடுமேல் தண்ணீர் சொட்ட ஒரு சின்னக் குழாய் உண்டு. அது மட்டும் நாளைக்கு இரண்டு டிரம் குடிக்கும். வெள்ளைச் சேறாக ஓடிச் சாக்கடையில் போய் விழும். அதை அவர் பார்த்துவிட்டார்.

"இசக்கி, இந்தத் தண்ணி இல்லாம வெட்ட முடியாதா?"

"வெட்டலாம்மா. பிளேடு சூடாவும், நிறுத்தி நிறுத்தி வெட்டணும். பொடி பறக்கும்."

"பறந்தா?"

"பறந்தா என்னம்மா, குளிச்சாப் போயிரும்."

"எங்கன போய்க் குளிப்ப? அருவியே காஞ்சு கெடக்கு" என்றேன் நான். மூன்று பேரும் சிரித்தோம். அந்தக் குழாயைப் பிடுங்கினது நான்தான்.

நாலு நாளில் பக்கத்து வீட்டம்மா சண்டைக்கு வந்துவிட்டாள். மொட்டை மாடியில் காயப்போட்ட வத்தல் எல்லாம் கல்லுப்பொடி. நியாயம்தானே? எஞ்சினீரம்மா அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பழைய தகரங்களை வைத்து, காற்றுக்கூடப் போகாதபடி நாலு பக்கமும் அடைத்து ஒரு கொட்டகை போட்டார். இசக்கிமுத்து அதற்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு வெட்டுவான். சாயங்காலம் உள்ளே படிந்த பொடியைக் கூட்டிச் சாக்கில் கட்டுவான். அதை நாங்கள் பூச்சில் கலந்தோம், பொடிகூட வீண் போகவில்லை. மூக்குக்குக் கட்டிக்கொள்ளத் துணி மாஸ்க் தைத்துக் கொடுத்தார். கட்டித் தூரப் போடுகிற மாஸ்க் குப்பையாகச் சேரும், இது என்றால் துவைத்துத் துவைத்துக் கட்டலாம். யோசித்து யோசித்துத்தான் செய்தார். ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்தார்.

சாரல் தொடங்கியது. அருவியில் தண்ணீர் வந்தது, போரில் தண்ணீர் வந்தது. அப்போதாவது குழாயைத் திரும்ப மாட்டியிருக்கலாம். ஒருத்தருக்கும் தோன்றவில்லை, பழகிப்போய்விட்டது. அடுத்த கட்டடத்திலும் அதே ஆறு டிரம், அதே தகரக் கொட்டகை. அதற்கடுத்ததிலும். ஐந்து வருஷம், ஐந்து நோட்டு. 'கல் வெட்டு' என்ற கட்டத்தில் தினமும் ஒரு சைபர் போடுவேன். அந்தச் சைபர் போடுவதில் எனக்கே ஒரு பெருமை வந்துவிட்டது. காலேஜ்களிலிருந்து பிள்ளைகள் பஸ் பிடித்து வந்து பார்ப்பார்கள். கல் தரையில் வெறுங்காலோடு நடந்து, குளுகுளுவென்று இருக்கிறது என்பார்கள். அந்த அம்மா நோட்டை விரித்துக் காட்டுவார். நான் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நிற்பேன்.

இசக்கிமுத்துவுக்கு முதலில் இருமல்தான். மாடிப்படி ஏறினால் நின்று மூச்சு வாங்கினான். "பீடியக் குறைலே" என்றேன். "பீடி எங்க அண்ணாச்சி குடிக்கேன்? விட்டு ரெண்டு வருசமாச்சு" என்றான். அப்புறம் உடம்பு மெலிந்தது. டி.பி.யாக இருக்கும் என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டான். நடக்க முடிந்தவன் உட்கார்ந்துவிட்டான். டீக்கடைக்குக் கத்துகிற குரல் எப்போது நின்றது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. கவனித்திருந்தால்தானே ஞாபகம் வரும்.

திருநெல்வேலிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்க?" என்று கேட்டார்.

"கல்லு... வெட்டுதேன் சார்."

"தண்ணி விட்டு வெட்டுவியா, சும்மாவா?"

"சும்மா."

"வெளியிலயா, உள்ளயா?"

"உள்ள."

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். "நெஞ்சுக்குள்ள கல்லுப்பொடி போய் உறைஞ்சிட்டுப்பா. இது டி.பி. இல்ல. உள்ள போனதை எடுக்க மருந்து கிடையாது. இனிமே அந்தப் பக்கமே போகாத" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தண்ணி ஊத்தியிருந்தா இவ்வளவு வந்திருக்காதே" என்றார். தென்காசி வந்து சேர்கிற வரைக்கும் பஸ்ஸில் இசக்கிமுத்து என் தோளில் சாய்ந்து தூங்கினான்.

அன்றைக்கே போய் அந்த அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் ஆட்கள் வருவதற்கு முன்னால் என்னைச் சைட்டுக்கு வரச் சொன்னார். கொட்டகைக்குள் போய் ஒரு கல்லை எடுத்து வைத்து மிஷினைக் கையில் பிடித்தார்.

"மேடம், என்ன செய்யுதீங்க?"

"கதவைச் சாத்துங்க தம்பி. பத்து நிமிஷம் கழிச்சுத் திறங்க."

"வேண்டாம் மேடம்."

"சாத்துங்கன்னு சொல்லுதேன்ல."

சாத்தினேன். உள்ளே மிஷின் அலறியது. நாலு நிமிஷத்தில் நின்றது, இருமல் சத்தம் கேட்டது, மறுபடி ஓடியது. பத்து நிமிஷம் ஆனதும் திறந்தேன். தலைமுடி, புருவம், இமை, உதடு எல்லாம் வெள்ளை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். தண்ணீர் கொண்டு போனேன். வாங்கவில்லை.

"எல்லாம் எங்கருந்து வருதுன்னு கேட்டேனே தம்பி. இது எங்க போகுதுன்னு ஒருநாள்கூட நான் கேக்கலையே" என்றார். பிறகு அவரே கடப்பாரையை எடுத்துத் தகரங்களை நெம்பிப் பிரித்தார். எல்லா மிஷினிலும் குழாயை மாட்டச் சொன்னார். அன்றைக்கு நோட்டு எழுத வேண்டாம் என்றார்.

வடகரைக்குப் போனோம். இசக்கிமுத்து கட்டிலில் தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு வராது.

"வாங்கம்மா... உக்... காருங்க... ஏட்டி... காப்பி... போடு..."

அவர் தரையில் உட்கார்ந்தார். "நாந்தானே இசக்கி தண்ணிய நிறுத்தச் சொன்னேன்."

"நீங்க... என்னம்மா... செய்வீய... எனக்கும்... தெரியல... அண்ணாச்சிக்கும்... தெரியல..."

அண்ணாச்சிக்கும் தெரியாதாம். நான் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பெண்டாட்டி பேச்சியம்மா காப்பியோடு வந்து நின்றாள். இரண்டு பெண்பிள்ளைகள் அவளுக்கு, ஒன்று ஏழாம் வகுப்பு, ஒன்று நாலாம் வகுப்பு. "இந்த வேலையாலதான் சீக்கு வந்துதுன்னு தீர்ப்பாயிட்டுன்னா கவர்மெண்டுல மாசாமாசம் பணம் வருமாம், பிள்ளைய படிப்புக்கும் குடுப்பாகளாம். எழுதிக் குடுப்பியளாம்மா?" என்று கேட்டாள்.

அந்த அம்மா நாலு பக்கம் எழுதினார். நான் படித்தேன். 'என் உத்தரவின் பேரில்தான் தண்ணீர் நிறுத்தப்பட்டது, என் யோசனையின் பேரில்தான் கொட்டகை அடைக்கப்பட்டது, துணி மாஸ்க்கும் என் முடிவு, இவருடைய நோய்க்கு நானே பொறுப்பு' என்று இருந்தது. ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு எழுதியிருக்கலாம். காட்டவில்லை. என் பெயரை ஒரு வரியில்கூடச் சேர்க்கவில்லை.

தொழிலாளர் ஆபீஸில் அதை வாங்கிப் பார்த்த அதிகாரி, கடுதாசி மட்டும் போதாது, வேலை நடந்தபோதே எழுதின பதிவு ஏதாவது வேண்டும் என்றார். அந்த அம்மா நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, தண்ணி நோட்டு அஞ்சும் உங்ககிட்டதானே இருக்கு?"

பரண்மேல் இருந்தது. ஐந்து வருஷத்துச் சைபரும் என் கையால் போட்டது, ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்து. அந்த மாதம்தான் நான் சொந்தமாகக் கான்ட்ராக்ட் எடுக்க எழுதிப் போட்டிருந்தேன். மூத்தவளைக் காலேஜில் சேர்க்க வேண்டும். கேஸ் என்று வந்தால் முதல் பெயர் அவருடையது, இரண்டாவது பெயர் என்னுடையது. இவ்வளவும் அந்த ஒரு நொடியில் மனசில் ஓடியது.

"கரையான் அரிச்சிட்டு மேடம். தூரப் போட்டுட்டேன்."

"அஞ்சுமா?"

"அஞ்சும்தான்."

என் வீடு கான்கிரீட் வீடு. கரையான் வர வழியில்லை. அது அவருக்குத் தெரியாதா? ஒரு லாரி மணலை நம்பாமல் குவாரி வரைக்கும் போன மனுஷி, என் வீட்டுப் பரணை ஒருதடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். "சரி தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் வெந்நீர் அடுப்பில் ஐந்தையும் வைத்துவிட்டேன். ஏன் என்று என் பெண்டாட்டி கேட்டாள். பழைய கணக்கு என்றேன்.

மனு திரும்பி வந்துவிட்டது. ஆடி மாதம், சாரல் கொட்டிக்கொண்டிருந்தபோது இசக்கிமுத்து செத்துப்போனான். கடைசிப் பத்து நாள் தூக்கமே இல்லையாம், உட்கார்ந்தே இருந்தானாம். அதற்குள் அந்த நாலு பக்கக் கடுதாசியை யாரோ போனில் படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். எஞ்சினீரம்மா சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தார். வாசலில் கால் வைத்ததும் பேச்சியம்மா எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

"ஏட்டி, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்த? நாந்தாம் கொன்னேன்னு எழுதிக் குடுத்துட்டு எம்வாசல்ல வந்து நிக்கியே! அடிப் பாதகத்தி, தண்ணிதானட்டி! தண்ணிதான ஊத்தச் சொன்னான் எம்புருசன்!"

இசக்கிமுத்து ஊற்றச் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரியும். அவர் வெளியே போய் நின்றார். குடை இல்லை. பாடை எடுக்கிற வரைக்கும் அந்தச் சாரலில் எதிர்வீட்டுச் சுவரோரமாக நின்றுகொண்டே இருந்தார். பாடைக்கு ஒரு தோள் கொடுத்தது நான். அவரைத் தாண்டித்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

பேச்சியம்மாவுக்கு அவர் கொடுத்தனுப்பியதை அவள் திருப்பி எறிந்துவிட்டாள். ஆறு மாதத்தில் ஆபீஸைப் பூட்டினார். அவரை நம்பி வீடு கட்ட வந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் வந்தார்கள். இப்போது அக்கா வீட்டில், கோயம்புத்தூரிலோ எங்கேயோ இருக்கிறார் என்று கேள்வி. அவர் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. அவர் இங்கே இருந்தால் நான் இன்றைக்கும் அவரைக் கோட்டி என்றுதான் சொல்லுவேனா, தெரியவில்லை. எங்கள் ஊரிலேயே கடைசிவரை கோட்டியாக இருக்கத் தைரியம் இருந்தது அவர் ஒருத்தருக்குத்தான்.

என் சைட்டில் தண்ணீர் ஊற்றித்தான் கல் வெட்டுகிறோம். அதில் நான் கண்டிப்பு. பேச்சியம்மா என்னிடம் சித்தாளாக வேலை பார்க்கிறாள், நான்தான் கூப்பிட்டுச் சேர்த்தேன். போன வாரம் பதினொரு மணி டீக்கு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, என் டம்ளரை அவளே கொண்டுவந்து கொடுத்தாள்.

"அண்ணாச்சி, சின்னவ எட்டாங்கிளாஸ்ல நல்ல மார்க் எடுத்திருக்கா. அவுக அப்பாவக் கொன்னவ எங்கயோ சொகமா இருக்கா. எங்களக் கேக்க நாதி இல்லாமப் போச்சேன்னு இருந்தேன். நீங்க ஒருத்தர் இருக்கப் போய்த்தான் எம்பிள்ளைய சோறு திங்குது. தோள் குடுத்தியளே, அதை நாங்க மறக்க மாட்டோம்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆட்கள் எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்கென்ன பேச்சி, போய் வேலையப் பாரு" என்றேன்.

அவள் சிமெண்ட் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துவிட்டு, என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.